கோணல் கட்டையை எடுத்தவன்

வர்ஜில் கோணல் கட்டையை எடுத்துக்கொண்டபோதே ஓலீட்டாவுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

சபைக் கட்டடத்துக்குப் பக்கத்தில் நின்ற, வில்லுக்குப் பேர்போன போடாக் மரம் முந்தின குளிர்காலத்துப் பனிப்புயலில் சாய்ந்தது. அடிமரத்தை அறுத்து ஒரு வருஷத்துக்கு மேல் கொட்டகையில் போட்டு வைத்திருந்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் வில் செய்யத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். பேர்பா குடும்பத்து மூத்த மருமகள் ஓலீட்டா ஒருத்தி. அவள் புருஷன் டூயியின் தம்பி வர்ஜில் இன்னொருவன். ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு வில்லும் செப்டம்பர் மாதம் சோளத்தட்டைக் குவியலில் அம்பெய்கிற போட்டியில் நம் ஊர் வரிசையில் நிற்கவேண்டும் என்று சபைப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

சண்டை வராமலிருக்க ஓர் ஏற்பாடு. ஒருவர் பிளக்கவேண்டும், மற்றவர் தனக்கு வேண்டியதை முதலில் எடுக்கவேண்டும். ஓலீட்டா ஆப்பு அடித்துப் பிளந்தாள். மஞ்சள் கிழங்கை உடைத்த மாதிரி உள்ளே பளீரென்றிருந்தது. எவ்வளவு பார்த்துப் பார்த்து அடித்தும், மரம் தன் இஷ்டத்துக்குத்தான் பிளந்தது. ஒரு பாதி கம்பி மாதிரி நேராக விழுந்தது. மறுபாதி பாம்பு நெளிந்த மாதிரி, நடுவே முட்டை அளவு ஒரு கணுவோடு விழுந்தது.

அவள் சுத்தியலைக் கீழே போட்டாள். போச்சு, நேர்கட்டை அவனுக்குத்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

வர்ஜில் இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்தான். ஒரு கை கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது. பிறகு கோணல் கட்டையைக் காலால் தட்டினான்.

"இது எனக்கு, அண்ணி."

"எது?"

"இந்தக் கோணல். டூயி அண்ணா, தூக்கி வண்டியில போடு."

டூயி தூக்கிப் போட்டான். வர்ஜிலின் வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு போனது. ஓலீட்டா நேர்கட்டையின் பக்கத்தில் நின்றுகொண்டேயிருந்தாள். யாராவது பார்த்தால் சந்தோஷப்படவேண்டிய பெண் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

"என்ன இழவு வீடு மாதிரி நிக்கிற? நல்லது உனக்குத்தானே வந்திருக்கு" என்றான் டூயி.

"அதான் பயமா இருக்கு."

அவள் பயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. வர்ஜில் ஒருமுறை வேட்டைநாய் என்று ஒன்றைக் கொடுத்து, அதற்குப் பதிலாக அவளுடைய இரண்டு ஆட்டைப் பிடித்துக்கொண்டு போனான். அந்த நாய் கதவு சாத்துகிற சத்தத்துக்கே கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. இன்னொருமுறை தேன்கூட்டுப் பெட்டி கொடுத்தான். பெட்டி நல்ல பெட்டிதான், ராணித் தேனீதான் இல்லை. கேட்டால், "நான் பெட்டின்னுதானே சொன்னேன் அண்ணி, ராணின்னு சொன்னேனா?" என்பான். வாழ்க்கையில் ஒரு தடவைகூட மட்டமான பங்கை எடுத்தவன் இல்லை. கோழி பரிமாறினால் தொடைக்கறி எந்தப் பக்கம் இருக்கிறதென்று மூடியைத் திறக்குமுன்பே அவனுக்குத் தெரியும்.

அப்படிப்பட்டவன் நேர்கட்டையை விட்டுவிட்டுப் போகிறானென்றால், அதற்குள் எதையோ பார்த்துவிட்டான் என்றுதானே அர்த்தம்?

ஓலீட்டா கட்டையைத் தன் கொட்டகைக்குக் கொண்டுவந்து, ஒரு முனையை விரற்கடை அறுத்துத் தள்ளிவிட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வளையங்களைப் பார்த்தாள். மேலே பட்டை. அதற்குக் கீழே வெள்ளையாக வெளிறு. அதற்கும் கீழே வைரம் பாய்ந்த மஞ்சள் மரம், ஆண்டுக்கு ஒரு வளையமாக அடுக்கடுக்காக. வைரத்தில் முதல் வளையம் மெலிசு. இரண்டாவது நல்ல தடிப்பு. மூன்றாவதும் அப்படியே. அதற்குக் கீழே நாலைந்து வளையங்கள் காகிதம் மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தன. மழை பொய்த்துப்போன வருஷங்கள். அவற்றுக்கும் கீழே மறுபடியும் தடித்த வளையங்கள்.

குறை ஒன்றும் தெரியவில்லை. அது அவளை இன்னும் கலக்கியது.

வில்லுக்கு முதுகுதான் உயிர். எய்கிறவருக்கு எதிர்ப்புறம் இருக்கும் அந்த முகத்தில், ஒரே ஆண்டின் மரம் இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை அறுபடாமல் ஓடவேண்டும். எங்கேயாவது கத்தி ஆழமாக இறங்கி அடுத்த ஆண்டைத் தொட்டுவிட்டால், முழுதாக இழுக்கிற நாளில் அந்த இடத்தில் சிம்பு கிளம்பி வில் இரண்டாகிவிடும். அதனால் எந்த வளையம் என்பதை முதலிலேயே தீர்மானித்துவிட்டு, மேலே இருக்கிறதையெல்லாம் பொறுமையாகச் சீவி எடுத்து, அந்த ஒரே வளையத்தின் மேல் வந்து நிற்கவேண்டும்.

ஓலீட்டா இரண்டாவது வளையத்தைத் தேர்ந்தெடுத்தாள். கட்டையைப் பிடிப்பலகையில் கவ்வக் கொடுத்து, இருபக்கமும் பிடி போட்ட கத்தியைத் தன்னை நோக்கி இழுத்தாள். வெளிறு நாடா நாடாவாகக் கழன்றது. வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவே இருக்கும் பொறுக்கு மரம் வந்ததும் கத்தியடியில் அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் நின்று கத்தி வழுக்கத் தொடங்கினால் வளையத்தைத் தொட்டாயிற்று. இரண்டு மூன்று நாளில் முக்கால் கட்டையின் மேல் பொன்னாக அந்த வளையம் வெளிப்பட்டது.

அன்று சாயங்காலம் வர்ஜில் வந்தான். கொட்டகை வாசலிலேயே நின்றான். வெயில் உறைக்கிற நேரத்திலும் அதே கோட்டு, அதே கை பைக்குள்.

"அண்ணி, காட்டு வெங்காயம் பிடுங்கப் போகலையா? ஓடைக்கரையெல்லாம் முளைச்சுக் கெடக்கு."

"போகணும். நீ எதுக்கு வந்த?"

"சும்மாதான்." குனிந்து கட்டையின் முனையைப் பார்த்தான். "ரெண்டாவது வளையமா?"

"ஆமா. ஏன்?"

"ம்."

"என்ன 'ம்'?"

"ஒண்ணுமில்ல. நல்ல கட்டை. உங்க இஷ்டம்."

போய்விட்டான். அந்த 'ம்' மட்டும் போகவில்லை. கொட்டகைக்குள்ளேயே குளவி மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் வெளிச்சத்தில் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிடிக்கும் இடத்துக்குச் சற்று மேலே முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தது. நேற்று இருந்ததா? நினைவில்லை. விரலால் தடவினாள்; நகத்தால் கீறினாள். விரிசல் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. இதைத்தான் அவன் பார்த்திருக்கிறான் என்று தோன்றிய கணமே, அது விரிசல்தான் என்று ஆகிவிட்டது.

இரண்டாவது வளையத்தைச் சீவித் தள்ளி மூன்றாவதுக்கு இறங்கினாள்.

மூன்றாவதில் கோடு இல்லை. அதற்குப் பதிலாகக் கட்டையின் கால்வாசி நீளத்துக்குக் கரும்பழுப்பாக ஒரு வரி ஓடியது. டூயியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இது உளுத்த மரமா, பாரு."

டூயி தலையைச் சாய்த்துப் பார்த்தான். "எனக்கு எல்லாம் மஞ்சளாத்தான் தெரியுது. வர்ஜிலக் கேக்கவா?"

"வர்ஜிலக் கேக்கறதுக்கு நீ எதுக்கு? இப்பல்லாம் எதுக்கெடுத்தாலும் வர்ஜிலா?"

"சரி தாயே, கேக்கல."

சொன்ன வேகத்தில் அவன் பார்வையை எடுத்துக்கொண்டது அவளுக்குப் பிடிக்கவில்லை. முப்பது வருஷமாகக் குடித்தனம் செய்கிறவளுக்குப் புருஷன் எப்போது மழுப்புகிறான் என்று தெரியாதா? அதன்பிறகு கட்டையோடு சேர்த்து அவனையும் கவனிக்கத் தொடங்கினாள். மத்தியானம் சாப்பிட்டதும் தூண்டிலை வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினான். சாயங்காலம் வெறுங்கையோடு வந்தான்.

"மீன் எங்க?"

"கடிக்கல."

"நேத்தும் கடிக்கல, இன்னிக்கும் கடிக்கல. அந்த ஆத்துல மீனெல்லாம் நோன்பா?"

டூயி சிரித்து மழுப்பிவிட்டுக் குளிக்கப் போனான்.

மூன்றாவது வளையத்திலேயே நின்றிருக்கலாம். நிற்கச் சொல்லித்தான் கை சொன்னது. மனசு கேட்கவில்லை. அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம், போட்டித் திடலில் எல்லார் கண்ணெதிரிலும் வில் முறிவதும், வர்ஜில் பின்வரிசையில் தலையை ஆட்டிக்கொண்டு, "நேர்கட்டையைக் குடுத்தேன், அதையும் உடைச்சிட்டாங்க" என்று சொல்வதும் கண்முன் வந்தன. அதற்குக் கீழே இருப்பவையோ பஞ்சத்து வளையங்கள். அவற்றில் எதன்மேலும் நிற்கமுடியாது, அவ்வளவு மெலிசு. இறங்கினால் எல்லாவற்றையும் தாண்டி அடியிலிருக்கும் தடித்த வளையத்துக்குப் போகவேண்டும்.

இறங்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, கை காய்த்துப் போகும்வரை இழுத்தாள். கடைசியில் ஒரு நல்ல வளையத்தின் மேல் வந்து நின்றாள். கோடு இல்லை, வரி இல்லை, கண்ணாடி மாதிரி சுத்தம். பெருமூச்சோடு கட்டையைப் பக்கவாட்டில் திருப்பினாள்.

மெலிந்துவிட்டிருந்தது. வயிற்றுப்பக்கத்தையும் சீவி வளைத்து எடுத்தால், சோளத்தட்டைக் குவியலுக்குள் அம்பைச் செலுத்துகிற வில்லாக அது ஒருநாளும் ஆகாது. நூறு கஜம் தாண்டி அம்பு போனாலே பெரிய காரியம்.

தரையில் மூன்றாவது வளையத்தின் நீளமான சீவல் ஒன்று கிடந்தது. கரிய வரி அதில் அப்படியே இருந்தது. எடுத்து வளைத்தாள். இரண்டு முனையும் தொடுகிறவரை வளைத்தாள். முறியவில்லை. வரியிருந்த இடம்தான் மற்ற இடத்தைவிட விறைப்பாக நின்றது. அதற்குப் பிறகு, மூலையில் கூட்டித் தள்ளியிருந்த குப்பைக்குள் தேடி இரண்டாவது வளையத்துச் சீவலையும் எடுத்தாள். முடிபோன்ற கோடு மறுபக்கம் ஊடுருவவே இல்லை. கத்திமுனை பட்ட கீறல். தன் கத்தி.

ஓலீட்டா பிடிப்பலகையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. தன்மேல் ஆத்திரப்பட்டு என்ன ஆகப்போகிறது? அதனால் அது முழுவதும் வர்ஜில்மேல் போய் இறங்கியது. 'ம்'மாம், 'ம்'!

அந்த நேரம் பார்த்து டூயி வந்து சேர்ந்தான். கால்சட்டையின் மடிப்புக்குள் ஏதோ மினுங்கியது. ஓலீட்டா குனிந்து இரண்டு விரலால் எடுத்தாள். மஞ்சள் சீவல். மோந்து பார்த்தாள். போடாக்.

"மீன் இப்பல்லாம் மரத்துலதான் காய்க்குதா?"

டூயி மடிப்பை உதறினான். "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குள் நழுவினான்.

மறுநாள் மத்தியானம் தூண்டிலோடு டூயியின் வண்டி கிளம்பியதும், ஓலீட்டா தன் பழைய வண்டியை எடுத்துக்கொண்டு தூரம் விட்டுப் பின்னாலேயே போனாள். ஆற்றுக்குப் போகிற பாதையைத் தாண்டி அவன் வண்டி வர்ஜில் வீட்டுக்குள் நுழைந்தது. வேலிக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு நடந்தாள். வர்ஜிலின் கொட்டகை திறந்திருந்தது. உள்ளேயிருந்து கத்தி இழுக்கிற சத்தமும் வசவும் கேட்டன.

"மெதுவா! மெதுவா இழு அண்ணா! மாட்டுத் தோலா உரிக்கிற? வெளிறுலயே நில்லு, மஞ்சளுக்குள்ள போகாதே... போயிட்டியே! போயிட்டியே பாவி!"

"நீ வாய மூடினா கை சரியாப் போகும்."

ஓலீட்டா வாசலில் போய் நின்றாள். கோணல் கட்டையைப் பிடித்துக்கொண்டு வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தவன் டூயி. வர்ஜில் நாற்காலியில் இருந்தான். கோட்டு இல்லை. வலது கையை மார்போடு சேர்த்துப் பட்டை போட்டுக் கட்டியிருந்தது.

டூயியின் கத்தி பாதியிலேயே நின்றது.

"நல்ல மீன்" என்றாள் ஓலீட்டா.

"நான் சொல்லலாம்னுதான் இருந்தேன். இவன்தான் சத்தியம் வாங்கிட்டான்" என்றான் டூயி.

"கையில என்ன?"

வர்ஜில் கூரையைப் பார்த்தான். "தோள்பட்டை. உள்ள நரம்பு கிழிஞ்சிருக்காம். பீக்கன் மரத்துலேர்ந்து விழுந்துட்டேன்."

"இந்த வயசுல மரம் ஏறினியா?"

"கொட்டை மேல இருந்துச்சு அண்ணி. கீழ இருந்தா நான் ஏன் ஏறப்போறேன்?"

டூயிக்குச் சிரிப்பு பீறிட்டது. ஓலீட்டா முறைத்ததும் கத்தியைத் துடைக்க ஆரம்பித்தான்.

"எப்ப விழுந்த?"

"கட்டை பிளக்கறதுக்கு முன்னாடி. இந்த வருஷம் வில்லு தூக்கக் கூடாதுன்னுட்டாங்க. அடுத்த வருஷமும் சந்தேகம்தானாம்." அவன் குரல் தாழ்ந்தது. "நேர்கட்டைய எடுத்து நான் என்ன பண்றது? சாத்தி வச்சு அழகு பார்க்கவா? வரிசையில நிக்கப் போறது நீங்க ஒரு ஆள்தான். இந்தக் கோணல் சபைக்கு ரெண்டு வில்லுன்னு கணக்குக் காட்டத்தான். நல்லது உங்க கையில இருக்கட்டும்னுதான்..."

"இத அன்னிக்கே சொன்னா என்ன?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

ஓலீட்டா நம்பியிருக்கமாட்டாள். கட்டு போட்ட கையைக் காட்டியிருந்தாலும் கட்டுத்துணியை அவிழ்த்துப் பார்த்திருப்பாள்.

"அதுவும் போக, உங்ககிட்ட சொன்னா ஞாயித்துக்கிழமை ஆராதனையில எனக்காக ஜெபம் பண்ணச் சொல்லுவீங்க. பீக்கன் மரத்துலேர்ந்து விழுந்த சகோதரன் வர்ஜிலுக்காகன்னு. ஊரே குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும்."

"அப்போ எதுக்குடா வந்து 'ம்'னு சொன்ன?"

"எந்த 'ம்'?"

"ரெண்டாவது வளையமான்னு கேட்டுட்டு ஒரு 'ம்' போட்டியே!"

"அது... 'ம்'னா நல்லாயிருக்குன்னு அர்த்தம் அண்ணி. வேற என்ன அர்த்தம்?"

"உன் 'ம்'முனால நான் அடிவரைக்கும் சீவிட்டேன்! கட்டை துடைப்பக்குச்சியாப் போச்சு!"

வர்ஜில் எழுந்துவிட்டான். "எல்லாத்தையுமா? பஞ்சத்து வளையத்தத் தாண்டியா?" அவன் முகத்தில் இருந்தது உண்மையான வலிதானா என்று ஓலீட்டா உற்றுப் பார்த்தாள். உண்மையாகத்தான் இருந்தது. அப்படித்தான் தோன்றியது. "ஐயோ அண்ணி, ரெண்டாவது வளையம் தங்கமாச்சே. அதப் பார்த்துப் பொறாமையா இருந்துச்சு, அதான் பேச்சு வரல."

வெளியே யாருடைய நாயோ குரைத்தது. டூயி மெதுவாகச் சொன்னான்: "இப்ப இந்தக் கோணல் இருக்கே. இத யாரு முடிக்கிறது? நான் இதுக்கு மேல தொட்டா விறகுதான்."

"எடுத்துக்கோங்க அண்ணி. நெளிவு இருந்தா என்ன, வளையம் அறுபடாம போனாச் சரி. அந்த மெலிஞ்ச கட்டைய எனக்குக் குடுங்க. தோள் கொஞ்சம் தேறினா, சிறுசா இழுத்துப் பழக அது போதும்."

இதிலும் என்ன இருக்கிறதோ என்று ஒரு கணம் அவளுக்குள் எழுந்தது. எழுந்ததை அடக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோணல் கட்டையின் முனைக்குப் போனாள். அதே மரம், அதே வருஷங்கள். மறுமுனைக்கும் போனாள். பிறகு டூயி ஆழமாகக் கத்தி இறக்கிய இடத்தைத் தடவிப் பார்த்தாள். முதல் வளையத்தைக் கிழித்துக்கொண்டு இரண்டாவதுக்குள் நகம் போகிற அளவு பள்ளம்.

"ரெண்டாவது போச்சு" என்றாள்.

"இல்ல அண்ணி, அந்தப் பள்ளம் கைப்பிடி வர்ற இடம். அங்க வில்லு வளையாது. ரெண்டாவதுலயே நிக்கலாம். நான் சொல்றேன்."

"நீ சொல்றியா? அப்போ மூணாவது."

"அண்ணி!"

"உன் பேச்சைக் கேட்க நான் என்ன டூயியா?"

கட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். ஆனால் வீட்டில், தனியாக, அதை நீளவாக்கில் வைத்துப் பார்த்தபோது அவன் சொன்னது சரிதான் என்று பட்டது. பள்ளம் கைப்பிடிக்குள்தான் அடங்கும். இரண்டாவதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மூன்றாவதின் கரிய வரியை நினைத்துக்கொண்டாள். வளைத்துப் பார்த்து உறுதி தெரிந்த வளையம் அது. யார் பேச்சையும் நம்பவேண்டியதில்லை, தன் கை அறிந்தது. மூன்றாவதையே எடுத்தாள்.

வேலை கஷ்டமாகத்தான் இருந்தது. நேர்கட்டை மாதிரி கத்தியை ஓடவிட முடியவில்லை. நெளிவு எங்கே திரும்பியதோ அங்கெல்லாம் கத்தியும் திரும்பவேண்டியிருந்தது. கணு வந்த இடத்தில் வளையம் மேடாக ஏறி இறங்கியது. கத்தியை வைத்துவிட்டு, கண்ணாடிச் சில்லால் சுரண்டிச் சுரண்டி அந்த மேட்டை மேடாகவே விட்டாள். அவள் கொட்டகைக்கு வர்ஜில் இரண்டு தடவை வந்தான். உதட்டை இறுக்கிக்கொண்டு, ஒரு சத்தமும் எழுப்பாமல் நின்றுவிட்டுப் போனான். அதுவும் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

செப்டம்பர் வந்தது. திடலில் பன்றிக்கறி பொரிகிற வாசனை பரவியிருந்தது. தூரத்தில் சோளத்தட்டைகளைக் கட்டிக் குவித்திருந்தார்கள். அம்பு எத்தனை தட்டையைத் துளைக்கிறதோ அத்தனை புள்ளி. ஓலீட்டாவின் வில்லைப் பார்த்ததும் பக்கத்து ஊர் வரிசையில் சிரிப்பு கிளம்பியது.

"அந்த வில்லுக்கு இடுப்பு வலியா?" என்றான் ஒருவன்.

"உனக்கு வரப்போகுது" என்றாள் அவள்.

முதல் அம்பைத் தொடுத்து இழுத்தாள். கன்னம்வரை இழுத்தபோது காது வில்லிடம்தான் இருந்தது. ஒரு முனகல், ஒரு பொடிச் சத்தம் வருகிறதா என்று. வரவில்லை. நாணை விட்டாள். அம்பு குவியலுக்கு மேலே பறந்து போய்ப் புல்லில் விழுந்தது. இரண்டாவது சரியாக இறங்கியது. அப்புறம் வில் அவள் கைக்குப் பழகிவிட்டது. மாலைக்குள் அவர்கள் ஊர் இரண்டாவது இடத்துக்கு வந்திருந்தது. முதலிடம் அந்த இடுப்புவலிக்காரன் ஊருக்கு. கொஞ்சம் கசப்புதான். ஆனால் ஒரே அம்பில் அதிகத் தட்டைகளைத் துளைத்தவள் என்று அவள் பெயரைத்தான் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். வர்ஜில் ஒற்றைக் கையால் நாற்காலியில் அடித்து அடித்துத் தாளம் போட்டான்.

வீட்டுக்கு வந்ததும் ஓலீட்டா நாணைக் கழற்றி, வில்லைத் துடைத்து, சமையலறையில் அடுப்புக்கு எதிர்ச்சுவரில் இரண்டு ஆணியடித்து மாட்டினாள்.

"கொட்டகையில இடமில்லையா?" என்றான் டூயி.

"கொட்டகைச் சாவி எங்க இருக்குன்னு உன் தம்பிக்குத் தெரியும்" என்றாள் அவள். சொல்லிவிட்டு, மீந்த பன்றிக்கறியில் பாதியைத் தாளில் சுற்றி வர்ஜில் வீட்டுக்கு எடுத்து வைத்தாள்.